கொண்டை போட்ட மூட்டை

ஆயில் பெயிண்டிங்குக்கு வார்னிஷ் அடிப்பதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் போச்சு, "அதான், பன்னு மேல முட்டை தடவற மாதிரி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். நான் இல்லை என்பேன். அவர்கள் ஆமாம் என்பார்கள். ரொட்டிக்கடைக் குடும்பம் அல்லவா? உலகத்தில் இருக்கிற எதுவும் அவர்களுக்கு ஒன்று மாவு, இல்லாவிட்டால் அடுப்பு.

இரண்டும் ஒன்றில்லை. எப்படி ஒன்றில்லை என்பதைக் கடைசியில் பெரியப்பாவுக்கு அவருடைய கடை நடுவிலேயே, வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, நான் செய்து காட்ட வேண்டியதாகிவிட்டது. நான் வேண்டுமென்று போகவில்லை. அவர்தான் என்னைச் சீண்டினார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவரிடமிருந்து வந்ததுதானே அது.

கடையை ஆரம்பித்தவர்கள் மூன்று பேர்: பெரியப்பா, என் அப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை. அப்பா மூட்டை தூக்கினார், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பெரியப்பா ஆர்டர் பிடித்தார், பேசினார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அடுப்பு அத்தையுடையது. கொத்தனார் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போன அடுப்பு வளைவைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே கட்டி முடித்தாள். நடுவில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "அங்க அடுப்பு சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

அடுப்பு முன்னால் அவளுக்குப் பேச்சே கிடையாது. ரொட்டி பதமாக வெந்ததும் நீளக் காம்பு வைத்த பலகையை உள்ளே விட்டபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணா, தட்டு" என்பாள். அவ்வளவுதான். பெரியப்பா யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும், எவ்வளவு பெரிய மனுஷர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து தட்டை நீட்டுவார். ரொட்டி காத்திருக்காது, கருகிவிடும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி இது. அதனால்தான் பெரியப்பா என்னிடம் படம் கேட்டபோது வேறு எதையும் யோசிக்காமல் இதையே வரைந்தேன்.

"போட்டோ யார் வேணா மாட்டலாம். நம்ம கடைக்கு ஆயில் பெயிண்டிங் வேணும். பெருசா. உள்ள வர்றவன் அசந்து போகணும்" என்றார். படம் வரைவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று ஒரு காலத்தில் என்னைக் கேட்டவர்தான் அவர். சரி, அதை விடுங்கள்.

நடுவில் செக்கச் சிவந்த அடுப்பு வாய். அதன் முன்னால் அத்தை, முழங்கை வரைக்கும் மாவு, கையில் பலகை. பக்கத்தில் தட்டை நீட்டியபடி பெரியப்பா. பின்னால் தோளில் மூட்டையோடு அப்பா. இடது பக்கம் தொங்கும் பல்பின் வெளிச்சத்தில் அத்தையின் நிழல் வலப்பக்கச் சுவரில் பெரிதாக விழுந்திருக்கும், உச்சந்தலையில் அவள் அள்ளி முடிகிற கொண்டையோடு. அந்த நிழலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாம்பல் நிறமா, நீலமா என்று அடித்து அடித்துத் துடைத்தேன்.

படம் முடிந்ததும் பெரியப்பா ஆளனுப்பிவிட்டார், சுவரில் ஆணியும் அடித்தாயிற்று என்று. ஆளை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதும் அவரே வந்து நின்றார்.

"இப்ப தர முடியாது பெரியப்பா. காயணும்."

"தொட்டுப் பார்த்தேனே, ஒட்டலயே!"

"மேல காஞ்சிருக்கும். உள்ள காயல. ஒரு வருஷம் விட்டுட்டு அப்புறம் வார்னிஷ் அடிக்கணும்."

"மேல வெந்து உள்ள வேகாத ரொட்டி மாதிரியா?"

ஆமாம் என்றேன். அந்த ஒரு தடவை மட்டும் அவர் சொன்ன உவமை சரியாக இருந்தது. படம் என் அறையிலேயே, சுவரைப் பார்த்துத் திரும்பிக் காய்ந்தது.

அந்த வருஷத்துக்குள் வீடு இரண்டாகிவிட்டது. முதலில், பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, அடுப்பை இடித்துவிட்டு மின்சார மெஷினைக் கொண்டுவந்து வைத்தான். நாங்கள் அவனை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டத்தை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்துக்கொண்டாள். அடுத்து கடையின் ஆண்டு விழா வந்தது. பெரியப்பா மைக்கைப் பிடித்து, "இந்தக் கடையை நான் ஒத்தக் கையால தூக்கி நிறுத்தினேன்" என்றார்.

அத்தை பின்னால் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அந்த இன்னொரு கை யாருது அண்ணா? காலையில கூட மாவு பிசைஞ்சுட்டு இருந்துச்சே, அது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பா அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடுவாரா? "வீட்டுப் பொம்பளைங்க கூடமாட உதவி பண்றது எல்லா இடத்துலயும் இருக்கறதுதானே" என்று மைக்கிலேயே சொன்னார்.

உதவியாம். நாக்கில் நரம்பில்லாமல் எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ! அத்தை தட்டைக் கீழே வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இனி இந்தப் படியை மிதிச்சா என்னை என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நாளில் தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரில், அவளே ஒரு ரொட்டிக்கடை போட்டாள்.

"வேற இடமே கிடைக்கலயா அத்தை உனக்கு?" என்று கேட்டேன்.

"கிடைச்சுது. ஆனா அங்கேர்ந்து பார்த்தா அண்ணன் மூஞ்சி தெரியாதே" என்றாள்.

அவள் கையால் செங்கல் வைத்துக் கட்டிய இன்னொரு அடுப்பு. வாசம் தெருவைத் தாண்டிப் பெரியப்பா மூக்குக்கே போகும். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடக்க ஆரம்பித்தார்கள். சிலர் பெரியப்பா பார்க்காத நேரமாகப் பார்த்துக் கடந்தார்கள், சிலர் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டே கடந்தார்கள். மேனேஜர் வாசலில் நின்று தலைகளை எண்ணுவான்.

ஒரு வருஷம் முடிந்து நான் வார்னிஷுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது பெரியப்பா என் அறைக்கு வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. படத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவளை எடுத்துடு" என்றார்.

"யாரை?"

"யாரைன்னு கேக்கறியா? எதிர்க்கடைக்காரியை. என் கடைக்குள்ள என் போட்டியாளர் படத்தை நானே மாட்டிக்கணுமா? அவ இடத்துல ரெண்டு மாவு மூட்டையைப் போட்டுடு. உங்கப்பன் ஏற்கெனவே ஒரு மூட்டையைத் தூக்கிட்டுத்தானே நிக்கறான். கூட ரெண்டு இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஒரு மனுஷியை, அதுவும் கூடப் பிறந்தவளை, மூட்டையாக மாற்று என்று காய்கறி மாற்றுவதுபோலச் சொல்கிறார்!

"முடியாது பெரியப்பா."

"படம் என்னுது."

"படம் உங்களுதுதான். கை என்னுது. அது மூட்டை வரையாது."

"அப்ப வேற கையை வெச்சுப் பார்த்துக்கறேன். நம்ம போர்டு பெயிண்டர் இருக்கான், அவன் ஒரு மணி நேரத்துல முடிப்பான். படத்தைக் குடு."

நான் அவரை நேராகப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் எனக்குள் ஏதோ குளிர்ந்து நிதானமாயிற்று. கோபம் முற்றினால் எனக்கு அப்படி ஆகும். அத்தைக்கும் அப்படித்தான்.

"தரேன். ஆனா வார்னிஷ் அடிக்காம தர மாட்டேன். அரைகுறை வேலையை நான் வெளிய விடறதில்ல."

"ஆங், அதைப் பண்ணு. நல்லா பளபளன்னு அடி. கஞ்சத்தனம் பண்ணாத" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

வார்னிஷில் பல வகை. சிலதை ஒருமுறை பூசினால் எதற்கும் கரையாது. நான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழைய வகை. வெள்ளைக் குங்கிலியத்தைத் துணியில் முடிந்து டர்பன்டைனில் தொங்கவிட்டு ஊறவைத்தால் தேன் நிறத்தில் இறங்கும். அது காய்ந்தால் கண்ணாடிபோல நிற்கும். ஆனால் மறுபடியும் டர்பன்டைன் பட்டால் கரைந்து கையோடு வந்துவிடும், அதன் மேல் ஒட்டியிருக்கிற அழுக்கு, புகை, இன்னும் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் இழுத்துக்கொண்டு. அடியில் முழுசாகக் காய்ந்த சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த வார்னிஷ் அதற்காகவே கண்டுபிடித்த விஷயம். பெரியப்பாவுக்கோ மேல்பூச்சு என்றால் தோலோடு வெந்து ஒட்டிக்கொள்கிற முட்டைதான். சொன்னால் கேட்டிருக்கவா போகிறார்? நான் சொல்லவில்லை.

வார்னிஷ் அடிக்கிற அன்றைக்கு அத்தை வந்து கதவைத் தட்டினாள்.

"வெளியவே நில்லு! உன் மேல பூரா மாவு. ஒரு தூசி விழுந்தாலும் அப்படியே ஒட்டிக்கும்" என்று கத்தினேன்.

"ஏன்டி, கோழியைத் துரத்தற மாதிரி துரத்தறே! சேலையை உதறிட்டுத்தான் வந்தேன்" என்றபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் எதுதான் யாருக்குத் தெரியாது?

"மூட்டையாமே" என்றாள்.

"ஆமா."

"போட்டுட்டுப் போகட்டும். எனக்கென்ன. மூட்டையாவது பேசாம நிக்கும்." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. குரல் மாறியது. "எனக்குப் புள்ள இல்ல, குட்டி இல்ல. அந்த அடுப்பு ஒண்ணு இருந்துச்சு. அதையும் இடிச்சாச்சு. நான் அங்க நின்னேன், வெந்தேன், அவ்ளோ வருஷம் ரொட்டி போட்டேன்கறதுக்கு இப்ப என்னடி இருக்கு? இந்தப் படம் ஒண்ணுதான். அதுலயும் நான் இல்லன்னா, நான் இருந்தேன்னு நானே எப்படி நம்பறது?"

அவள் அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"நீ அதுலதான் இருப்பே. எவன் வந்தாலும் சரி" என்றேன்.

"எப்படி?"

"பேசாம நின்னு பாரு."

முதலில் சோதனை. பஞ்சை டர்பன்டைனில் நனைத்துப் படத்தின் ஓரத்தில் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது, சாயம் ஒட்டவில்லை. அடிவரை காய்ந்திருந்தது. ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். படத்தை மேசையில் மல்லாக்கக் கிடத்தி, பட்டுத் துணியால் ஒற்றி, அகலப் பிரஷ்ஷைக் குங்கிலியத்தில் தோய்த்தேன். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு. அதையொட்டி அடுத்தது. இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஆசைப்பட்டுத் திரும்பிப் போனால் பிரஷ் தடம் விழும். எனக்கு எப்போதும் திரும்பிப் போக ஆசை வரும். அன்றைக்கு வரவில்லை.

காய்கிறபோது எண்ணெயைத் துணி உள்ளே இழுத்துக்கொள்வதால் படத்தின் இருட்டான இடங்களெல்லாம் ஒரு வருஷத்தில் சுண்ணாம்புபோல வெளிறிக் கிடந்தன. பிரஷ் பட்டதும் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. அடுப்பின் உள்கரி, அப்பாவின் சட்டை மடிப்பு, அத்தையின் கொண்டை. அவள் முன்கையில் அடுப்பு வாய் சுட்ட தழும்பு, நானே வரைந்து நானே மறந்துபோயிருந்தது, ஈரமாக மின்னியது.

"இதைக்கூட விடலியா நீ?" என்றாள் அத்தை கதவருகிலிருந்து. தன்னையறியாமல் கையைத் தடவிக்கொண்டாள்.

வார்னிஷ் நன்றாகக் காயும்வரை வைத்திருந்து, மேனேஜரை வரச் சொன்னேன். அவன் ஆட்களோடு வந்து தூக்கிப் போனான். "நான் வந்து மாட்டறேனே" என்றதற்கு, "வேணாம், வேணாம், நீ எதுக்கு அலையறே" என்றான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, காது சிவந்துவிடும். அடுத்த நாள் அழைப்பு வந்தது: படம் திறக்கிறோம், அவசியம் வரவும், வரைந்தவளுக்கு மரியாதை உண்டு. மரியாதையாம்! நான் வெறுங்கையோடு போகவில்லை. பையில் ஒரு சுருள் பஞ்சு, டர்பன்டைன் பாட்டில், குங்கிலியம், பிரஷ்.

கடை நிறைய ஆள். மாவு வியாபாரி, பக்கத்துத் தையல்கடைக்காரர், பழைய வாடிக்கையாளர்கள், எதிர்க்கடையில் காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு மாலையில் இங்கே இனிப்புக்கு வந்திருந்தவர்கள். பெரியப்பா பட்டுத்துணியை இழுத்தார். கைதட்டினார்கள்.

அத்தை இருந்த இடத்தில் இரண்டு மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. போர்டு பெயிண்டர் பாவம், நன்றாகத்தான் செய்திருந்தார். மூட்டை மேல் கடையின் பெயரை நிழல் வைத்த எழுத்தில், கடைவாசல் போர்டில் எழுதுகிற மாதிரியே அழகாக எழுதியிருந்தார். படத்துப் பெரியப்பா அந்த மூட்டைகளுக்கு மரியாதையாகத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் தையல்கடைக்காரர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அளவெடுக்கிற கண் அது, சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, எல்லாம் பிரமாதம். ஒண்ணே ஒண்ணுதான் புரியல. மூட்டையோட நிழல்ல ஏன் கொண்டை இருக்கு?"

எல்லாரும் படத்திலிருந்த சுவரைப் பார்த்தார்கள். மூட்டையை வரையச் சொன்னவர்கள் நிழலை மறந்துவிட்டார்கள். வலப்பக்கச் சுவரில் அத்தை அப்படியே நின்றுகொண்டிருந்தாள், தோள், நீட்டிய கை, உச்சியில் கொண்டை. யாரோ முதலில் களுக்கென்றார்கள். பிறகு கடையே சிரித்தது. "மூட்டைக்குத் தட்டு வேற நீட்டறாரு!" என்றது ஒரு குரல். பெரியப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அதையும் மறைச்சுடலாம் முதலாளி, ஒரு கை சுண்ணாம்புக் கலர் போட்டா போதும்" என்றார் போர்டு பெயிண்டர் அவசரமாக.

நான் அவரிடம் போனேன். "எழுத்து அருமையா இருக்கு. நிஜமா சொல்றேன். ஒண்ணு கேக்கணும். மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருந்துச்சே, அதைச் சுரண்டிட்டு அடிச்சீங்களா?"

"ஐயய்யோ, இல்லக்கா. கொஞ்சம் வழுக்கத்தான் செஞ்சுது. ஆனா அவ்ளோ நல்லா இருந்ததைக் கெடுப்பானேன்னு அது மேலயே எனாமல் அடிச்சுட்டேன். முந்தாநாள்தான்."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க."

பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். டர்பன்டைன் வாசம் ரொட்டி வாசத்தை அறுத்துக்கொண்டு பரவியது. மேனேஜர் ஓடி வந்து குறுக்கே நின்றான்.

"என்ன பண்றே? வார்னிஷ் அடிச்சாச்சு, இனி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியாச்சு. தேச்சா மொத்தமும் போயிடும். எங்கப்பாவும் போயிடுவாரு, உங்கப்பாவும் போயிடுவாரு, தெரிஞ்சுக்கோ!"

"தள்ளு."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. நம்ம குடும்பத்துல யாருக்கு இல்ல? தள்ளுன்னேன்."

தள்ளினான். ஆனால் அவன் சொன்னது எனக்குள் போய்த் தைத்தது. நான் சோதித்தது ஓரத்தில்தானே? அத்தையின் முழங்கை மாவுக்கு நான் அப்பியிருந்த வெள்ளை தடிமனானது, அது அடிவரை காய்ந்திருக்காவிட்டால்? நானே என் கையால் அவளை எல்லார் முன்னாலும் துடைத்தெறிந்தவளாவேன். நடப்பது நடக்கட்டும் என்று நனைந்த பஞ்சை மூட்டையின் மேல் வைத்து அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் நனைத்து வைத்தேன். யாரோ இருமினார்கள். மூன்றாவது பஞ்சை வைத்துக் காத்திருந்து மெல்ல உருட்டியபோது மூட்டையின் பழுப்பு நிறம் பசைபோல இளகிச் சுருண்டு வந்தது. கடைப் பெயரின் பாதி எழுத்து பஞ்சோடு போயிற்று. அடியில் வெள்ளையாக, மாவு படிந்த ஒரு முழங்கை.

"நிறுத்து!" பெரியப்பா கத்தினார். "இது என் கடை! என் படம்!"

"உங்க படத்தை நான் தொடல பெரியப்பா. அது மேல ஒட்டிக்கிட்டு இருக்கறதை எடுக்கறேன்."

"நான் மறுபடியும் பூசச் சொல்வேன்!"

"சொல்லுங்க. நான் மறுபடியும் வந்து துடைப்பேன். நீங்க மூட்டை போடுங்க, அலமாரி போடுங்க, ஆனையைக் கொண்டுவந்து நிறுத்துங்க. எல்லாம் பஞ்சுல வந்துடும். நான் வரைஞ்சது காஞ்சு போச்சு பெரியப்பா. இனி அது யாருக்கும் கரையாது."

நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த பஞ்சு, அடுத்தது. தழும்பு வந்தது. தோள் வந்தது. பலகைக் காம்பைப் பிடித்த விரல்கள் வந்தன. கடைசியாக உருட்டிய பஞ்சை விரித்துப் பார்த்தேன்: வார்னிஷின் மஞ்சள், எனாமலின் பழுப்பு, என் வெள்ளையில் ஒரு துளி இல்லை. அப்போதுதான் மூச்சு விட்டேன். அவள் ஒரு அணுகூடக் கரையவில்லை.

வாசல் பக்கம் சலசலப்பு. தையல்கடைக்காரர் எப்போது நழுவிப் போனார் என்று தெரியவில்லை, தெருவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கிறார். அத்தை எங்கள் கடைப் படிக்குக் கீழே நின்றாள். கை நிறைய மாவு. படியைப் பார்த்தாள். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன படி. பிறகு படத்தைப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் அவளாகவும், அதற்கு மேல் இன்னும் மூட்டையாகவும் இருந்தது அது.

சேலையை ஒரு உதறு உதறிக்கொண்டு படியேறினாள்.

"உனக்காக வரல அண்ணா" என்றாள். "எனக்காக வரேன்."

கூட்டம் வழிவிட்டது. அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினாள். நான் பஞ்சை நனைத்துக் கொடுத்தேன்.

"அழுத்தாத. உருட்டு" என்றேன்.

"மாவு உருட்டறவளுக்கு நீ சொல்லித் தராத" என்றாள்.

தன் முகத்தைத் தானே எடுத்தாள். முதலில் தாடை, பிறகு வாய், பிறகு அடுப்பைப் பார்த்துச் சுருங்கிய கண்கள். கொண்டையைக் கடைசியாகத் துடைத்துவிட்டு, தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்து, "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்கு மூட்டை வேணும்னா அந்த ஓரத்துல இடம் இருக்கு, வரையச் சொல்லு. நான் நின்ன இடத்துல வேணாம்."

பெரியப்பா சுவர் ஓரமாகப் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"இந்த இடம் இப்ப வெறும் சாயமா இருக்கு. உடனே வார்னிஷ் அடிக்கணும்" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தான், அவன் அப்பாவைப் பார்த்தான், என்ன நினைத்தானோ, கேக் தட்டுகளை ஒதுக்கி மேசையைக் காலி பண்ணினான். போர்டு பெயிண்டரும் நானும் படத்தை இறக்கிக் கிடத்தினோம். "கதவைச் சாத்துங்க. யாரும் அசையக் கூடாது. தூசி எழும்பினா ஒட்டிக்கும்."

சாத்தினார்கள். எல்லாரும் கூடத்தில் நிற்கவைத்த சாமான்கள்போல நின்றார்கள். தலைக்கு மேலே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்ச் பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்தது. அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. எனக்குச் சொல்ல மனமில்லை.

அத்தை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணா, ஃபேன்."

பெரியப்பாவின் கை எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டது. அணைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார், அதை என்ன செய்வதென்று தெரியாதவர்போல.

"தூசி விழுந்தா படம் கெட்டுடும்ல" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஃபேன் சுற்றி ஓய்ந்து நின்றது. நான் பிரஷ்ஷைக் குங்கிலியத்தில் தோய்த்து, அத்தையின் கொண்டையிலிருந்து ஆரம்பித்தேன்.